மாஸ்டர் பிளான் திருத்தப்படும்போது: காவிரிப் படுகை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் 2014-இல் மாநகராட்சி ஆனது, கும்பகோணம் 2021-இல். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஊர் இப்படிப் பெருகும்போது அதன் மாஸ்டர் பிளானை, அதாவது நில உபயோகத் திட்டத்தை, திருத்தி எழுதியாக வேண்டும். எந்த சர்வே எண்ணில் வீடு கட்டலாம், கடை எங்கே வரலாம், ஆலை எங்கே வரலாம், எது வயலாகவே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. வரைவு வெளியாகும் சமயத்தில் மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படுகையில் தண்ணீர் போகும் வழியை முதலில் குறித்துவிட்டுத்தான் மனை, சாலை, கடை என்று பிரிக்க வேண்டும்.

மாஸ்டர் பிளான் என்பது என்ன? யார் தயாரிக்கிறார்கள்?

சட்டத்தில் அதன் பெயர் முழுமைத் திட்டம். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதைப் பற்றியது. உள்ளூர் திட்டக் குழுமம் தயாரிக்கும். அரசு ஒப்புதல் தரும். நடுவில் டிடிசிபி என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம் இருக்கிறது. திட்டத்தில் வரைபடம் ஒன்று, எழுத்தில் உள்ள விதிகள் ஒன்று. வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, விவசாயம் என்று ஏதாவது ஒரு மண்டலத்தில் விழும். அந்த மண்டலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை மாநிலம் முழுமைக்கும் பொதுவான 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆகவே உங்கள் ஊரில் பெரும்பாலும் திருத்தப்படுவது வரைபடம். அதில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த நிறத்துக்கு என்னென்ன அனுமதி என்று விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாங்கள் மாநகராட்சிக்குள் இல்லை, பக்கத்து ஊராட்சி. எங்களுக்கு இதில் என்ன?

உங்களுக்குத்தான் அதிகம். திட்டப் பகுதி மாநகராட்சி எல்லையோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள கிராமங்களையும் இழுத்துக்கொள்ளும். நகரத்துக்குள் ஏற்கெனவே வீடுகள் நிறைந்துவிட்டன. மண்டலம் மாறப்போவது ஓரத்து வயல்களில். உங்கள் கிராமத்தின் பெயர் திட்டப் பகுதி அறிவிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும், விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். அங்கே நஞ்சையை மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும்.

பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறது. மாஸ்டர் பிளானில் குடியிருப்பு என்று வந்திருக்கிறது. எது செல்லும்?

இரண்டும் செல்லும், வேறு வேறு காரியத்துக்கு. நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. நிலத்தின் தன்மையையும் தீர்வையையும் உரிமையையும் ஒட்டி எழுதப்பட்டவை. குடியிருப்பு, வணிகம் என்பவை திட்டக் குழுமத்தின் வகைப்பாடு. இனி அந்த நிலத்தில் என்ன செய்ய அனுமதி கிடைக்கும் என்பதைச் சொல்கின்றன. பட்டாவில் நஞ்சையாகவே இருக்கும் நிலம் குடியிருப்பு மண்டலத்தில் வரலாம். பல காலமாகத் தரிசாகக் கிடக்கும் புஞ்சை விவசாய மண்டலத்தில் இருக்கலாம். மனை வாங்கப் போகிறவர்கள் சிட்டா, வில்லங்கச் சான்றோடு நில உபயோகம் என்ன என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "டிடிசிபி அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது" என்று வாயால் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று மா நிலம் வைத்திருக்கிறேன். அதை விவசாய மண்டலம் என்று போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் யாரும் விவசாயத்துக்கு வரமாட்டார்கள். என் நிலம் மட்டும் விலை போகாமல் கிடக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மூன்று மா என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா, குறுவை போடலாமா, சம்பாவோடு நிற்கலாமா என்று வருடா வருடம் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நிலம்தான் பெண்ணின் திருமணச் செலவு, வைத்தியச் செலவு எல்லாம். பைபாஸின் ஒரு பக்கம் குடியிருப்பு, மறு பக்கம் விவசாயம் என்று கோடு போட்டால் ஒரே வரப்பில் உள்ள இரண்டு பேரின் சொத்து மதிப்பு வானத்துக்கும் பூமிக்குமாகப் பிரிந்துவிடும்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. வரைவுக் கட்டத்தில் ஆட்சேபம் எழுதலாம். திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு திட்டத்தை மாற்ற இடம் தருகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை திட்டத்தை மறுஆய்வு செய்யவும் அதே பிரிவில் இடம் உண்டு.

ஆனால் ஒரு வார்த்தை. துண்டு துண்டாகக் கிடைக்கும் நில உபயோக மாற்றம்தான் படுகை நகரங்களை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது. நடு வயலில் ஒருவர் மனை போட்டால் அவருக்கு முன்னும் பின்னும் உள்ளவர்கள் சாகுபடி செய்ய முடிவதில்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வராது, அறுவடை இயந்திரம் போக வழி இருக்காது. பிறகு அவர்களும் விற்கிறார்கள். விரும்பி விற்பதில்லை. அதனால் என் கருத்து: மாற்ற வேண்டியதை ஊரை ஒட்டி, வடிகால் வசதியோடு, மொத்தமாக ஒரே இடத்தில் மாற்ற வேண்டும். அப்படிக் கேட்டு பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து எழுதும் ஆட்சேபத்துக்கு, தனியாக எழுதுவதைவிட வலு அதிகம்.

வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே! வயல் எல்லாம் பாதுகாக்கப்பட்டதுதானே?

இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு அதன் பெயரும் சேர்ந்தது. அது தடை செய்வது குறிப்பிட்ட தொழில்களை: எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் எரிவாயு எடுப்பது, துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்குவது, இரும்பு ஆலை, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது போன்றவை. மீத்தேனுக்கு எதிராகக் கிராமம் கிராமமாக மக்கள் போராடியதன் பலன் அது, சிறிய காரியம் இல்லை. ஆனால் மனைப்பிரிவை அது தடுக்காது. சாலை, குழாய், துறைமுகம் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. வயலை மனையாக்குவதா வேண்டாமா என்பது மாஸ்டர் பிளானில்தான் தீர்மானமாகிறது.

வரைவு வரைபடத்தில் எங்கள் வாய்க்காலே இல்லை. வாய்க்கால் ஓடும் இடமெல்லாம் குடியிருப்பு நிறத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

உடனே எழுத வேண்டும். நான் எதற்காவது முதலிடம் தருவேன் என்றால் இதற்குத்தான்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று ஆறுகள் கிளைக்கின்றன. ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, சி என்று இறங்கி, கடைசியில் கன்னி வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிறது. தரையின் சரிவோ மிகமிகக் குறைவு. பல இடங்களில் பாசன வாய்க்கால்தான் மழைக்காலத்தில் வடிகாலும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை வடிய வேறு வழி கிடையாது.

வயல் மனையானதும் அந்த வாய்க்காலுக்கு ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், இல்லாமல் போகிறது. தூர்வாருவார் இல்லை. வீட்டுக் கழிவுநீர் இறங்குகிறது. பிறகு யாரோ ஒருவர் குழாயைப் புதைத்து மேலே பாதை போடுகிறார். பாசனம் நின்றாலும் வடிகால் வேலை நிற்பதில்லை. மழைத் தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்து தெருவில் நிற்கும்.

வரைபடத்தில் ஏன் விடுபடுகிறது? ஏ, பி வாய்க்கால்கள் பெரும்பாலும் தனி சர்வே எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும்; ஏ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டில் காட்டலாம். கன்னி வாய்க்கால் அப்படியில்லை. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், அதற்குத் தனி எண் இருக்காது. செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைகிறவர்கள் கண்ணில் அது வரப்பாகத்தான் தெரியும். மதகு எது, எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, எங்கே வடிகிறது என்பது தண்ணீர் பாய்ச்சியவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே கிராமத்தின் பெரியவர்களோடு உட்கார்ந்து, சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தின் மேல் ஒவ்வொரு கன்னி வாய்க்காலையும் பேனாவால் வரைந்து ஆட்சேபத்தோடு இணையுங்கள். வாய்க்கால் நெடுகிலும் இருபுறமும் கட்டடம் வராத பட்டை விடச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, மண் நிரப்புவது. இரண்டு மூன்று அடி சவுடு கொட்டி உயர்த்திய மனைப்பிரிவு, பக்கத்து வயலையும் பழைய குடியிருப்பையும் பள்ளமாக்கிவிடுகிறது. உயர்த்திப் போடும் பைபாஸ் சாலையும் அப்படியே: போதுமான பாலமும் மதகும் இல்லையென்றால் அது ஒரு கரை. மண் எவ்வளவு உயரம் நிரப்பலாம், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதைத் திட்டமே வரையறுக்க வேண்டும் என்று கோருங்கள். குளத்தை மனையாகப் பிரித்துக் கொடுத்ததை ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. குளம், குட்டை உங்கள் வரைவில் நிறம் மாறியிருந்தால் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டலாம்.

அப்ரூவல் இல்லாத மனை வாங்கிவிட்டோம். புதிய திட்டம் வந்தால் சரியாகிவிடுமா?

தானாகச் சரியாகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. அவற்றின்படி 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளைத்தான் வரன்முறை செய்யலாம். நீர்நிலையிலோ வாய்க்காலிலோ விழும் மனைக்கு அந்த வழியும் இல்லை. அதனால் வாங்கும் முன்பே பார்ப்பதுதான் பாதுகாப்பு.

எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கின்றன. இடித்துக் கட்டினால் பக்கவாட்டில் இடம் விட வேண்டுமா?

அக்கிரகாரம், செட்டித் தெரு, கைக்கோளர் தெரு போன்ற பழைய தெருக்கள் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. அறிவிக்கப்படாமல் போனால்தான் சிக்கல். பதினைந்து அடி அகலமும் நூறு அடி நீளமுமாக இருக்கும் மனையில் இரண்டு பக்கமும் இடம் விட்டால் மிஞ்சுவது நடைவழி. ஆகவே கும்பகோணம் போன்ற ஊர்களில் உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

கட்டும் அளவுக்கு எஃப்எஸ்ஐ கணக்கு: மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது. பொதுவாக உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி. இதே எண் புறநகர் மனைக்கும் கோயில் வீதிக்கும் பொருந்துவது எனக்கு உடன்பாடில்லை. திண்ணையும் முற்றமும் உள்ள தெருவில் ஒரு வீடு மட்டும் நான்கு மாடி எழுந்தால் இரண்டு பக்கத்து முற்றத்திலும் வெயில் விழாது. தெருவின் தன்மைக்கேற்ப உயர வரம்பு வேண்டும் என்று கேட்க இது சரியான நேரம்.

பெரிய கோயில், தாராசுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு அருகே இருப்பவர்களுக்குத் தனிச் சட்டம்: 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். மாஸ்டர் பிளான் எதைச் சொன்னாலும் இது மாறாது.

வீட்டிலேயே தறி வைத்திருக்கிறோம். குடியிருப்பு மண்டலத்தில் தொழில் செய்யக் கூடாது என்கிறார்களே?

திருபுவனத்தில் பட்டுத் தறி, சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பு, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, தஞ்சாவூரில் வீணை, தலையாட்டிப் பொம்மை. இவற்றுக்கெல்லாம் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துவிட்டு, செய்யும் வீட்டை விதிமீறல் என்று சொன்னால் அது பெரிய அநியாயம். வாழும் இடத்தையும் தொழில் செய்யும் இடத்தையும் பிரிக்கும் விதிகள், ஆலைப் புகையிலிருந்து குடியிருப்பைக் காக்க வந்தவை. தறி அதில் சேராது.

வீட்டுத் தொழிலுக்கு விதிகளில் ஏற்கெனவே ஓரளவு இடமுண்டு. மோட்டாரின் குதிரைத் திறன், ஆட்களின் எண்ணிக்கை என்று வரம்பு வைப்பார்கள். தறிக்கு அது போதும். வார்ப்புப் பட்டறைக்குப் போதாது; அங்கே உலை உண்டு, புகை உண்டு. அந்தத் தெருக்களைக் கைவினைக் குடியிருப்பு என்று தனியாகக் குறித்து, காற்றோட்டத்துக்கும் தீப் பாதுகாப்புக்கும் நிபந்தனை போட்டு அனுமதிக்க வேண்டும். தொழிற்பேட்டைக்குப் போகச் சொல்வது தீர்வில்லை. சிலைக்கு மெழுகில் உருவம் பிடிப்பதும் அதன் மேல் வண்டல் மண் பூசுவதும் வீட்டாரெல்லாம் சேர்ந்து செய்யும் வேலை.

முப்பது வருடக் கடை. புதிய வரைபடத்தில் குடியிருப்பு. மூடச் சொல்வார்களா?

ஏற்கெனவே உள்ள பயன்பாடு தொடர நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் எவ்வளவு காலம், என்ன நிபந்தனை என்பதை அந்தத் திட்டமே சொல்லும். வரைவில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். உரிமம், மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

வீட்டைப் பள்ளியாகவோ மண்டபமாகவோ மாற்றுவது வேறு விஷயம். அதில் தளர்வு கேட்காதீர்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை, படி, வெளியேறும் வழி பற்றிய ஒவ்வொரு விதியும் உயிரைப் பற்றியது.

திட்டச் சாலை எங்கள் வீட்டின் மேல் வரைந்திருக்கிறது.

கோடு வரைந்ததால் நிலம் அரசுக்குப் போய்விடாது. கையகப்படுத்த வேண்டும், இழப்பீடு தர வேண்டும். அறிவிக்கை வெளியான மூன்று ஆண்டுக்குள் அதற்கான நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு. அது வரை கட்டட அனுமதி கிடைப்பது சிரமம். அதனால்தான் வரைவிலேயே ஆட்சேபிக்கச் சொல்கிறேன்.

கோயில் மனையில் வாடகை கட்டிக் குடியிருக்கிறோம். குடியிருப்பு என்று வந்தால் பட்டா கிடைக்குமா?

கிடைக்காது. மண்டலம் உரிமையைத் தராது. படுகையில் கோயில், மடங்களின் அடிமனை ஏராளம். அவற்றுக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம்தான். அதன் 34-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் அனுமதி தேவை. ஆனால் மண்டலம் வணிகம் என்று மாறினால் வாடகை உயரக்கூடும். அதைக் காட்டி ஆட்சேபம் எழுதலாம்.

எங்களுக்கு நிலமே இல்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம், கூலிக்குப் போகிறோம். நாங்கள் பேச இடம் உண்டா?

உண்டு. ஆட்சேபம் எழுத நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

வயல் மண்டலம் மாறினால் உரிமையாளருக்கு விலை, குத்தகைதாரருக்கு வெளியேற்றம். 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றியிருந்தால்தான் அதை நிரூபிப்பது எளிது. வாய்மொழிக் குத்தகையில் உள்ளவர்கள் இப்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

தொழிலாளர் தெருக்கள் பல இடங்களில் ஊருக்கு வெளியே, வடிகால் ஓரத்தில், பள்ளத்தில் இருக்கின்றன. சுற்றியுள்ள வயலை மண் போட்டு உயர்த்தினால் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான். வரைவு வரைபடத்தில் உங்கள் தெரு குடியிருப்பாகக் காட்டப்பட்டிருக்கிறதா, இல்லை விவசாய நிறத்துக்குள் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மறைந்திருந்தால் நாளை கான்கிரீட் வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது தடை வரும். விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கிய 1971-ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டப்படி கிடைத்த மனை என்றால் அந்தச் சான்றின் நகலை இணையுங்கள்.

நாகை, வேதாரண்யம் கடலோரத்தில்?

மாஸ்டர் பிளானோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகக் கடலோரத்தில் கட்டடமில்லாப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. 2004 ஆழிப்பேரலையும் 2018 கஜா புயலும் கண்ட கரையில் இந்தத் தளர்வைப் பயன்படுத்தும் முன் மீனவர் கிராமங்களைக் கேட்க வேண்டும். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் பொதுவாகப் புழங்கும் மணலையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

ஆட்சேபம் எப்படி எழுதுவது? எவ்வளவு நாள் உண்டு?

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் நடவிலோ அறுவடையிலோ விழுந்தால் கிராமத்தில் ஒருவரும் அலுவலகத்துப் பக்கம் போக மாட்டார்கள். அதனால் கிராமத்துக்கு இருவரை முன்கூட்டியே பொறுப்பாக்குங்கள்.

கடிதம் தமிழில், ஒரு பக்கம் போதும். கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைவில் என்ன காட்டப்பட்டிருக்கிறது, உண்மையில் அங்கே என்ன இருக்கிறது, என்ன மாற்றம் வேண்டும். "விவசாயத்தை அழிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அதைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். "சர்வே எண் இதில் பி வாய்க்கால் ஓடுகிறது, ஏ-பதிவேட்டு நகல் இணைப்பு" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் படம் இருந்தால் தேதியோடு சேருங்கள். நேரில் கேட்க வாய்ப்பு வேண்டும் என்றும் ஒரு வரி.

கிராம சபைத் தீர்மானம் கூடுதல் பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் எது அருகில் வருகிறதோ அதில் வரைபடத்தை விரித்து வைத்துப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்களோடு எழுதச் சொல்லுங்கள்.

மனுவை உள்ளூர் திட்டக் குழும உறுப்பினர் செயலரிடம் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி பதிவுத் தபாலில் போகட்டும். என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்பின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.